பழைய கல்லும் புதிய ஆடையும்

2017 பிப்ரவரியில் கிரேக்க நாட்டின் மத்தியத் தொல்லியல் மன்றம் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் ஃபேஷன் ஷோ நடத்த இத்தாலியின் கூச்சி நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அனுமதி கிடைத்தால் பழுதுபார்ப்புப் பணிக்கு நிதி தருவதாகவும் சொல்லியிருந்தது. கிரேக்க அரசு அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தது. கடன் கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனைக்காக ஓய்வூதியத்தைக்கூட வெட்டிய காலம் அது. அந்த நெருக்கடியிலும் மன்றம் வேண்டாம் என்றது. அக்ரோபோலிஸின் தனித்த பண்பாட்டுத் தன்மைக்கு இப்படியொரு நிகழ்ச்சி பொருந்தாது என்பது அது சொன்ன காரணம். நிறுவனம் தர முன்வந்த தொகை பல கோடி யூரோ என்று கிரேக்க ஊடகங்களில் பேச்சு அடிபட்டது. நிறுவனம் அதை மறுத்தது.

கூச்சி அதே ஆண்டு மே மாதம் பிளாரன்ஸுக்குப் போனது. ரஃபேலும் டிஷியனும் தீட்டிய ஓவியங்கள் தொங்கும் பிட்டி அரண்மனையின் பாலத்தீன் கூடத்தில் ஷோ நடந்தது. அரண்மனைக்குப் பின்னால் விரியும் போபொலி தோட்டத்தைச் சீரமைக்க 20 லட்சம் யூரோ கொடுக்கப்பட்டது. அதே மே மாதம் பாரிஸில் ஷனெல் நிறுவனத்தின் கார்ல் லாகர்ஃபெல்ட் வேறு வழியில் போனார். கிரேக்கத்தைக் கருவாகக் கொண்ட உடைகளுக்காக, கிராண் பலே மண்டபத்துக்குள்ளேயே உடைந்த தூண்களும் சரிந்த கற்களுமாகப் பொய்யான இடிபாடு ஒன்றைச் செட் போட்டுவிட்டார். சினிமாக்காரர்கள் எத்தனையோ கோயில்களை இப்படிக் கட்டி, படம் முடிந்ததும் பிரித்திருக்கிறார்கள். எந்தப் பழைய கல்லையும் தொடாத அந்தத் தீர்வின்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

கதை அங்கே நிற்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூனில், டியோர் நிறுவனம் ஏதென்ஸிலேயே ஷோ நடத்தியது. இடம் அக்ரோபோலிஸ் இல்லை. 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கமான பனதினாயிக்கோ. அதோடு அக்ரோபோலிஸில் புகைப்படம் எடுக்கவும் டியோருக்கு அனுமதி கிடைத்தது. 1951-ல் டியோர் உடை அணிந்த பெண்கள் அங்கே நின்று எடுத்துக்கொண்ட படங்கள் புகழ்பெற்றவை. அந்த நினைவைப் புதுப்பிக்கிறோம் என்றது நிறுவனம். கொரோனாவால் சுற்றுலா படுத்துக் கிடந்த நேரம். படம் உலகம் முழுக்கப் போகும் என்று அரசு கணக்குப் போட்டது. கூச்சிக்கு ஒரு நீதி, டியோருக்கு ஒரு நீதியா என்று கேட்டவர்கள் உண்டு. என் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. நூற்றுக்கணக்கான நாற்காலிகளும் விளக்குக் கோபுரங்களும் குன்றின்மேல் ஏறுவதும், ஒரு கேமராக் குழு ஏறுவதும் கல்லுக்கு ஒரே சுமை அல்ல.

2024 பிப்ரவரியில் லண்டனில் நடந்தது இதைவிடக் கூர்மையானது. எர்டெம் என்ற டிசைனர் தன் ஷோவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், அக்ரோபோலிஸ் குன்றின் பார்த்தினான் கோயிலிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டுபோன சிற்பங்கள் வைக்கப்பட்டிருக்கும் கூடத்திலேயே நடத்தினார். கிரேக்கப் பண்பாட்டு அமைச்சர் லினா மெண்டோனி கொதித்துப்போய் அறிக்கை விட்டார். தன் குன்றில் ஷோ வேண்டாம் என்று சொல்லும் உரிமை கிரேக்கத்துக்கு இருந்தது. அந்தக் குன்றிலிருந்து போன சிற்பங்களின் முன்னால் நடப்பதைத் தடுக்கும் உரிமை இல்லை. பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததே சட்டம் என்பதை அந்த ஒரு நிகழ்ச்சி எல்லோருக்கும் காட்டிவிட்டது.

இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறது. புனிதமான இடத்தில் வியாபாரமா என்று ஒரு கட்சி. காசில்லாமல் கல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று இன்னொரு கட்சி. இருவருமே பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். பழைய கோயில்களும் அரண்மனைகளும் கட்டப்பட்ட நாளிலிருந்தே சந்தையையும் விழாவையும் ஆடம்பரத்தையும் பார்த்தவை. பட்டும் பொன்னும் அவற்றுக்குப் புதிதல்ல. மறுபுறம், காசு வந்தாலே காப்பு வந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பழஞ்சின்னத்தில் ஓர் இரவு யாருக்கு எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது, மறுநாள் காலையில் அந்த இடத்துக்கும் அதைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும் என்ன மிஞ்சியது என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உலகில் நடந்த முக்கியமான ஷோக்களை அந்த இரண்டு கேள்விகளோடு பார்க்கலாம்.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1951-ல் ஜொவானி பத்திஸ்தா ஜோர்ஜினி என்ற பிளாரன்ஸ் வணிகர் அமெரிக்கப் பெருங்கடைகளின் கொள்முதல்காரர்களைத் தன் வீட்டுக்கே அழைத்து இத்தாலிய உடைகளைக் காட்டினார். பாரிஸ்தான் உலகின் ஒரே உடைத் தலைநகரம் என்றிருந்த காலம். விரைவிலேயே கூட்டம் வீட்டுக்குள் அடங்கவில்லை. 1952 ஜூலையில் பிட்டி அரண்மனையின் வெள்ளைக் கூடம் ஷோவுக்குத் திறக்கப்பட்டது. வெண்சுதை வேலைப்பாடும் படிகச் சரவிளக்குகளும் நிறைந்த அந்தக் கூடத்தில் 1982 வரை முப்பது ஆண்டுகள் ஷோக்கள் நடந்தன. போரில் தோற்று, வறுமையில் கிடந்த நாடு தன் மறுமலர்ச்சிக்கால அரண்மனையைக் காட்டித் தன் தையல் கலையை விற்றது. இத்தாலிய ஃபேஷன் என்ற பெயரே அந்தக் கூடத்தில் நிலைபெற்றது என்று சொல்லலாம். அரண்மனையும் அந்த நாட்டுடையது, தைத்த கைகளும் அந்த நாட்டுடையவை, வந்த ஆர்டரும் அந்த நாட்டுப் பட்டறைகளுக்கே போனது. இவ்வளவு நேரான கணக்கு அதற்குப் பிறகு அமைவது அரிதாகிவிட்டது.

1973 நவம்பர் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் நடந்தது வேறு மாதிரி. சிதைந்து வந்த அரண்மனையைப் புதுப்பிக்க நிதி திரட்டுவதே நோக்கம். பிரான்ஸ் பக்கம் செயிந்த் லோரான், ஷிவான்ஷி, கார்தான், உங்காரோ, டியோருக்காக மார்க் போஹான். அமெரிக்கா பக்கம் ஐந்து டிசைனர்கள். பிரெஞ்சுக்காரர்கள் பெரிய செட்டுகளோடும் நேரடி இசையோடும் மணிக்கணக்கில் நடத்தினார்கள். அமெரிக்கர்கள் கொண்டுவந்த பின்திரை, அடியிலும் மீட்டரிலும் அளவு மாறிப்போனதால் மேடைக்குப் பொருந்தவேயில்லை. கடைசியில் எளிய மேடையில், கறுப்பினப் பெண்கள் பலர் இடம்பெற்ற அமெரிக்க அணி துள்ளலோடு நடந்து கைதட்டலை அள்ளியது. அந்த நிகழ்ச்சியின் பெயரால் இன்றுவரை பேசப்படுவது அந்தப் பெண்களின் நடைதான். ஆனால் என் கவனத்துக்குரியது அழைப்பின் அடிப்படை: அரண்மனைக்குப் பணம் வேண்டும், அதற்காக விழா. இன்று பெரும்பாலும் இது தலைகீழ். விழா வேண்டும், அதற்காக அரண்மனை.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு வணிகக் காரணம் தெளிவாக இருக்கிறது. பாரிஸிலும் மிலானிலும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஃபேஷன் வாரத்தில் ஒரே நாளில் பல ஷோக்கள் வரிசையாக ஓடும். எந்த நிறுவனமும் தனித்துத் தெரிவது கடினம். இரண்டு பருவங்களுக்கு நடுவே வரும் உடைகளுக்குக் குரூஸ் தொகுப்பு என்று பெயர். குளிர்காலத்தில் கப்பலேறி வெயில் நாட்டுக்குப் போகும் பணக்காரர்களுக்காகத் தோன்றியது அது. இதற்கு நாள் கட்டுப்பாடும் இல்லை, ஊர்க் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே நிறுவனங்கள் ஊர் ஊராகப் போகத் தொடங்கின. நேரில் பார்ப்பவர்கள் சில நூறு பேர். கைபேசித் திரையில் பார்ப்பவர்களுக்குக் கணக்கில்லை. அந்தத் திரையில் உடையின் தையல் தெரியாது. பின்னால் நிற்கும் கோபுரமும் பிரமிடும் தெரியும். 2022 டிசம்பரில் டியோர் ஆடவர் உடைகள் கீசா பிரமிடுகளுக்கு முன்னால் நடந்தன. மணலும் மூன்று முக்கோணங்களும் தெரிந்த அந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பழஞ்சின்னத்தின் உருவத்துக்கே விலை உண்டு என்பதை இத்தாலி சட்டமாகவே வைத்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி, அரசுச் சின்னங்களின் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் தேவை. மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையை ஒரு மாடலின் உடலோடு கலந்து அட்டைப்படம் போட்ட பத்திரிகையின் பதிப்பாளர் 50,000 யூரோ கட்ட வேண்டும் என்று 2023-ல் பிளாரன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் அட்டைப்படத்துக்கே இந்த மதிப்பு என்றால், உலகம் முழுக்க ஓடும் காணொளிக்கு எவ்வளவு என்று கணக்கிடும் கடமை சின்னத்தைக் காப்பவர்களுக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கு எப்படியெல்லாம் போடப்படும் என்பதற்கு ரோம் நகரமே பாடம். டிரெவி நீரூற்றைச் சீரமைக்க ஃபெண்டி நிறுவனம் 20 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தது. பதினேழு மாதம் வேலை நடந்து 2015 நவம்பரில் தண்ணீர் மறுபடி விடப்பட்டது. வேலை நடந்த காலத்திலும் வந்தவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது என்று, வற்றிய தொட்டியின்மேல் ஒளி ஊடுருவும் நடைபாலம் போட்டிருந்தார்கள். சிற்பங்களை மிக அருகில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. ஷோ நடந்தது அதற்குப் பிறகுதான். 2016 ஜூலை 7 அன்று நிறுவனத்தின் 90-ஆம் ஆண்டு விழா. தொட்டி நீரின்மேல் கண்ணாடிபோன்ற தளம் அமைத்திருந்தார்கள். மாடல்கள் நீர்மேல் நடந்து வருவதுபோலவே இருந்தது. முதலில் கல் சரியானது, அடுத்த ஆண்டு உடை நடந்தது. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீரமைப்பு முடியாமல் விழா நடந்தால், வாக்குறுதி விழாவோடு முடிந்துபோகக் கூடும்.

2019 ஜூலையில் அதே ஃபெண்டி, ஷனெலோடு ஃபெண்டிக்கும் உடை வடிவமைத்து, அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோன லாகர்ஃபெல்டுக்கு அஞ்சலியாக, கொலோசியத்தைப் பார்த்தபடி நிற்கும் வீனஸ்-ரோமா கோயிலில் ஷோ நடத்தியது. ஐம்பத்து நான்கு உடைகள். அவர் அந்த நிறுவனத்தோடு கழித்த ஆண்டுகளின் எண்ணிக்கை அது. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் சீரமைப்புக்கு 25 லட்சம் யூரோ தரப்பட்டு, வேலை 2021-ல் முடிந்தது. நல்ல காரியம்தான். ஆனால் தொகையை அதன் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபெண்டியின் உரிமையாளரான எல்விஎம்எச் குழுமத்தின் 2019 விற்பனை வருவாய் 5,370 கோடி யூரோ. லட்சம் யூரோ வருவாய்க்கு ஐந்து யூரோகூட அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. அதோடு இத்தாலியில் 2014-லிருந்து பொதுப் பண்பாட்டுச் சொத்துக்குத் தரும் நன்கொடையில் 65 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள வழி செய்யும் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நன்கொடை எதுவானாலும் அதில் பெரும்பகுதி கடைசியில் மக்களின் வரிப்பணம்தான். கொடையாளரின் பெயரைக் கல்லில் பொறிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ரோமில் வேறொரு முன்மாதிரி உண்டு. காலணிக்கும் தோல்பைக்கும் பேர்போன டாட்ஸ் நிறுவனம் கொலோசியத்துக்கு 2.5 கோடி யூரோ தர 2011-ல் ஒப்புக்கொண்டது. எல்விஎம்எச்சோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய நிறுவனம். வாகனப் புகையால் கறுத்துக் கிடந்த வெளிச்சுவரை ரசாயனம் இல்லாமல், பனிபோல நுண்துளி நீரைத் தெளித்துத் தெளித்தே கழுவினார்கள். 2016-ல் அந்தப் பணி முடிந்தது. 2021-ல் மண்ணடிச் சுரங்க அறைகள் பார்வையாளருக்குத் திறந்தன. இதற்கும் வழக்குகள் வந்தன. சின்னத்தின் பெயரை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நுகர்வோர் அமைப்பு நீதிமன்றம் போனது. இருந்தாலும் மொத்தத்தில், வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒப்பந்தம் இது.

கல்லுக்கு உண்மையில் என்ன ஆகும் என்பது நாளிதழ்ச் செய்திகளில் அதிகம் வருவதில்லை. பதினைந்து நிமிட நடைக்கு முன்னால் பல நாள் வேலை இருக்கிறது. லாரிகள் வருகின்றன, இரும்புச் சாரம் எழுகிறது, ஜெனரேட்டர் அதிர்கிறது, கனத்த விளக்குகள் சூடேற்றுகின்றன, கேபிள்கள் தரையெங்கும் ஓடுகின்றன. சுண்ணாம்புக் காரையில் நிற்கும் சுவர் அதிர்வைத் தாங்கும் விதம் வேறு, கான்கிரீட் தாங்கும் விதம் வேறு. இன்னும் தோண்டப்படாத தொல்லியல் மண்ணில் ஒரு முளைக்கம்பு இறங்கினால் பல நூற்றாண்டு அடுக்கு கலையும். அதனால்தான் பொறுப்பான இடங்களில் தரையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். எடைக்கட்டைகளை வைத்தே பந்தலை நிறுத்தச் சொல்வார்கள். விபத்து ஒரு நொடியில் நடக்கும். 2000-ஆம் ஆண்டு பெருவின் மச்சு பிச்சுவில் பீர் விளம்பரம் எடுத்தபோது கிரேன் சாய்ந்து, இன்கா மக்கள் சூரியனை வழிபட்ட இன்திவத்தானா கல்லின் ஒரு மூலை உடைந்தது. அந்தக் கல்லுக்கு மாற்று கிடையாது. 2024 மே மாதம் பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கவுதி வடிவமைத்த கூயல் பூங்காவில் லூயி விட்டோன் ஷோவுக்கான ஏற்பாட்டின்போது படிக்கட்டின் கல் சேதமானது.

பார்சிலோனாவில் கல்லைவிட அதிகமாக நொந்தவர்கள் அக்கம்பக்கத்தார். சுற்றுலாப் பயணிகளின் நெரிசலால் வாடகை எகிறி, சொந்தத் தெருவில் நடக்க முடியாமல் தவிக்கும் ஊர் அது. பூங்காவை மூடி, சில நூறு விருந்தினருக்குத் திறந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீசோடு மோதல் நடந்தது. அவர்கள் உடைக்கு எதிரிகள் இல்லை. எங்கள் பூங்காவை எங்களைக் கேட்காமல் யார் கொடுத்தார்கள் என்பதே அவர்கள் எழுப்பிய குரல்.

தென் கொரியத் தலைநகர் சியோலில் இந்தக் கேள்விக்கு வரலாற்றின் கனமும் சேர்ந்துகொண்டது. கியோங்போக்குங் அரண்மனை 1395-ல் கட்டப்பட்டது. 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுந்தது. பிறகு ஜப்பானிய ஆட்சி அதன் பெரும்பகுதியை இடித்து, முன்னால் தன் தலைமைச் செயலகத்தைக் கட்டியது. அருகிலுள்ள சாங்கியோங்குங் அரண்மனையை 1909-ல் மிருகக்காட்சிச் சாலையாகவே ஆக்கிவிட்டார்கள். அரண்மனையைக் கேளிக்கைக்கு விடுவது என்றாலே கொரியர்களுக்கு அந்தப் பழைய அவமானம் நினைவுக்கு வரும். 2022 ஆகஸ்டில் ஒரு ஃபேஷன் பத்திரிகை முன்னாள் ஜனாதிபதி மாளிகையில் எடுத்த படங்கள் எதிர்ப்பைக் கிளப்பின. அந்தச் சூட்டில் கியோங்போக்குங்கில் கூச்சி நடத்தவிருந்த ஷோவும் கைவிடப்பட்டு, பிறகு மறுபடி அனுமதிக்கப்பட்டது. நவம்பர் 1-க்குக் குறித்திருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு இத்தேவோன் தெரு நெரிசலில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஷோ ரத்தானது. கடைசியில் 2023 மே 16 அன்று சிம்மாசன மண்டபத்தின் முன்னே நடந்தது. அரண்மனைக்குள் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. ஆனால் அதன்பின் அருகிலுள்ள கட்டடத்தில் நடந்த விருந்தின் இரைச்சலால் தூங்க முடியாமல் குடியிருப்போர் போலீசை அழைத்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கல்லுக்கு எழுதிய நிபந்தனைகளில் அண்டை வீட்டாரின் தூக்கம் விட்டுப்போயிருந்தது.

கியூபத் தலைநகர் ஹவானாவின் கதை வேறு வகையில் நெஞ்சில் தைக்கிறது. 2016 மே மாதம் ஷனெல் அந்த நகரின் பிராதோ நிழற்சாலையையே ராம்ப் ஆக்கியது. அப்போது மாதம் 25 டாலர் அளவுக்கே அரசுச் சம்பளம் பெற்றுவந்த மக்கள், தடுப்புக்கு அப்பால் நின்றும் தம் வீட்டு மாடங்களில் எட்டிப் பார்த்தும் வேடிக்கை பார்த்தார்கள். தெரு அவர்களுடையது, நாற்காலி அவர்களுடையது இல்லை. இதற்கு மறுகோடியில் 2022 செப்டம்பரில் மிலான் பேராலயத்தின் முன்னால் மோன்கிளேர் நிறுவனம் நடத்தியதை வைக்கலாம். நிறுவனம் தோன்றிய ஆண்டைக் குறிக்க 1,952 கலைஞர்கள் ஒரே வெள்ளை ஜாக்கெட்டில் நின்றார்கள். சதுக்கத்தில் சுமார் 18,000 பேர் இலவசமாகப் பார்த்தார்கள். விளம்பரம்தான், அதில் ஐயமில்லை. ஆனாலும் ஊர்க்காரர் தன் சதுக்கத்தில் அந்நியராக நிற்க நேரவில்லை.

இனி நம் பக்கம். 2023 மார்ச் 30 அன்று டியோர் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஷோ நடத்தியது. பெரிய ஐரோப்பிய நிறுவனம் ஒன்று தன் முறையான தொகுப்பை இந்தியச் சின்னத்தின் முன் காட்டியது பேசுபொருளானது. 1911-ல் வந்திறங்கிய பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் நினைவாக எழுப்பி, 1924-ல் திறக்கப்பட்ட வளைவு அது. 1948 பிப்ரவரியில் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு அதன் வழியாகத்தான் வெளியேறியது. வந்தவனை வரவேற்கக் கட்டிய வாசல், அவனை வழியனுப்பிய வாசலும் ஆயிற்று. அதன் முன்னே கையால் பூவேலை செய்த பிரம்மாண்டத் தோரணம் எழுப்பப்பட்டிருந்தது. செய்தது மும்பையின் சாணக்யா பட்டறையும் அதன் கைவினைப் பள்ளியும். இந்தியத் தையற்கலையில் ஆண்களே செய்துவந்த நுண்வேலையைப் பெண்களுக்குக் கற்பிக்கும் பள்ளி அது. டியோரின் அன்றைய தலைமை டிசைனர் மரியா கிராசியா கியூரிக்கும் அந்தப் பட்டறையின் கரிஷ்மா சுவாலிக்கும் இருபதாண்டுக்கு மேற்பட்ட தொழில் உறவு.

இங்கேதான் இந்த ஷோ மற்றவற்றிலிருந்து விலகுகிறது. பாரிஸ் உடைகளின் மணிவேலையும் ஜரிகை வேலையும் பல பத்தாண்டுகளாக இந்தியக் கைகளில்தான் உருவாகின்றன. சென்னையிலேயே, பாரிஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பமான லெசாஜின் வாரிசு 1990-களில் தொடங்கிய வஸ்த்ரகலா பட்டறை இருக்கிறது. நம் ஊர் ஆரி வேலைக்காரர் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை இழுத்து இழுத்து ஒரு மணியைக் கோர்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைக்குட்டை அளவு துணியே எத்தனை மணி நேரம் கேட்கும் என்று. அந்த உழைப்பு இத்தாலி என்றோ பிரான்ஸ் என்றோ அச்சிட்ட பட்டையின் கீழே மறைந்துவிடும். வேலை செய்தவர்களின் நாட்டிலேயே, அவர்களின் பட்டறையைப் பெயர் சொல்லி நடத்திய ஷோ என்பதால் மும்பை நிகழ்ச்சியை நான் வரவேற்கிறேன். ஊதியமும் அதே வேகத்தில் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை.

ஆனால் வளைவின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு குறை தெரிகிறது. அதே 2023 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் தரப்பட்டது. கேட்வே ஆஃப் இந்தியாவின் மேற்பரப்பில் விரிசல்கள் இருக்கின்றன, செடிகள் முளைத்திருக்கின்றன. அது மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் அல்ல, மகாராஷ்டிர அரசின் பொறுப்பு. பழுதுபார்க்க ஏறத்தாழ ₹9 கோடியில் திட்டம் தயார் என்பது அதன் சாரம். ஒரே மாதத்தில் ஒரே கட்டடத்தைப் பற்றி இரண்டு செய்திகள். ரோமில் என்றால் இந்த இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் வந்திருக்கும்: ₹9 கோடியும் உங்களுடையது, அது முடிந்த பிறகு இரவும் உங்களுடையது என்று. டிரெவியில் அந்த வரிசையில்தான் நடந்தது.

நம் சட்டம் இந்த விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் 1959-ல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ விருந்தோ கேளிக்கையோ நடத்தக் கூடாது. மரபான சமயச் சடங்குகளுக்கு மட்டும் விலக்கு. விதி இருக்கிறது; அனுமதி எதன் அடிப்படையில் தரப்படுகிறது என்பதில்தான் வெளிச்சம் போதவில்லை.

தமிழ்நாட்டில் ஃபேஷன் ஷோ வந்து இந்தக் கேள்வி எழவில்லை. ஆனால் கேள்வி நமக்குப் பழையது. 2018 டிசம்பரில் தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் ஒரு ஆன்மிக அமைப்பின் இரண்டு நாள் நிகழ்ச்சிக்குப் பந்தல் எழுந்தபோது ஊரே எதிர்த்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. நிகழ்ச்சி வெளியே மண்டபத்துக்கு மாறியது. அந்த எதிர்ப்பில் ஒரு வலி இருந்தது. 1997 ஜூன் 7 அன்று அதே கோயிலில் குடமுழுக்குக்கான யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது சமயச் சடங்குதான்; விதியில் விலக்கு பெற்றதுதான். தீ அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. ஆகவே தற்காலிகப் பந்தல் எதற்காகப் போடப்பட்டாலும், பக்திக்கோ பாட்டுக்கோ பட்டாடைக்கோ, ஒரே பாதுகாப்பு அளவுகோல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1981-லிருந்து சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலியையும், மாமல்லபுரத்தின் நாட்டிய விழாவையும் நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியவைதான். யாரும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்பதே அவற்றின் பலம். அங்கும் விளக்கும் ஒலிபெருக்கியும் மேடையும் கல்லருகே வருகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான். அடியோடு தடை செய்வது தேவையில்லை. கேட்டவருக்கெல்லாம் திறந்துவிடுவதும் கூடாது. வழிபாடு நடக்கும் கருவறையை ஒட்டிய இடங்களும், கல்லறைகளும், மக்கள் கொல்லப்பட்ட இடங்களும் எந்த விலைக்கும் இல்லை என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். மற்ற இடங்களில் பழுதுபார்ப்பு முடிந்த பிறகே விழா. வரும் தொகை பொதுக் கஜானாவில் கரையாமல் அதே சின்னத்தின் கணக்கில் சேர வேண்டும். வசதி படைத்தவர்களின் பார்வைக்கு எட்டாத, பேர் தெரியாத சின்னங்களுக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும். பிரமிடைத் தேடிப் போகிறவர்கள் எவரும் செடி மூடிய சமணக் குகையைத் தேடி வரப்போவதில்லை. விழாவுக்கு முன்னும் பின்னும் பொறியாளர் எடுத்த ஆய்வறிக்கை வெளியிடப்பட வேண்டும். சுற்றி வாழ்கிறவர்களிடம் கேட்டு, நேரமும் ஒலியளவும் முடிவாக வேண்டும். அவர்களுக்கு இருக்கை வேண்டும். பூவேலை செய்தவர்களின் பெயர் அழைப்பிதழிலேயே இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவுமே நடக்காத கனவு அல்ல. சில ஏதோ ஓர் ஊரில் ஏற்கெனவே நடந்தவைதான்; ஒரே ஒப்பந்தத்தில் எல்லாம் சேர்ந்து வந்ததில்லை, அவ்வளவே. அப்படி வர வேண்டுமானால் ஒப்பந்தம் மூடிய அறையை விட்டு வெளியே வர வேண்டும். அதற்குத் தொல்லியல் துறை தானாக முன்வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சின்னத்தில் பந்தலோ மேடையோ எழுவதைப் பார்த்தால், யார் அனுமதித்தார்கள், எவ்வளவு கட்டணம், அது எந்தக் கணக்கில் சேர்ந்தது, சேதம் வந்தால் யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளை எழுதிக் கேளுங்கள். மத்திய அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போடக் கட்டணம் பத்து ரூபாய்.